ஹெம்பெடு பூமி, பத்தாவாலி மலேரியாவுக்கு மருந்தா? அட்டையில் என்ன எழுதுவது?

மண்டபத்து மல்லி (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நம்ம கோயில் மண்டபத்தில் மூலிகைக் கண்காட்சி. நிலவேம்பு (இங்கே எல்லார் வாயிலும் ஹெம்பெடு பூமிதான்), பத்தாவாலிக் கொடி, துங்காட் அலி வேர் மூன்றும் வைக்கிறோம். பக்கத்தில் 'மலேரியாவுக்கு உகந்தது' என்று அட்டை எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதலாமா? மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினும் ஒரு செடியிலிருந்து வந்ததுதானே, அப்படியென்றால் கசாயம் ஏன் ஆகாது? காட்டோரச் செம்பனைப் பிளாக்கில் குலை வெட்டுகிறவர்கள் சிலர் ஹெம்பெடு பூமி கேப்ஸ்யூலை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போகிறார்கள், அது காக்குமா? ஆறாம் படிவப் பிள்ளைகள் இலையில் சத்து இருப்பதைக் கண்ணால் காட்ட ஏதாவது சோதனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பள்ளி லேபில் புகைப்பெட்டி (ரசாயனப் புகையை வெளியே இழுக்கும் பெட்டி) இருக்கிறது.

இலைச்சாறு:

அந்த வரி வேண்டாம் அக்கா.

செடிகளில் சரக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. நிலவேம்பு, பத்தாவாலி, காடுக் இலை மூன்றின் சாற்றையும் மலேசிய ஆய்வாளர்கள் மலேரியாக் கிருமி மேல் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். குழாயிலும் வேலை செய்தது, எலியிலும் செய்தது. எவ்வளவு போட்டால் வேலை செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆர்ட்டிமிசினின் நானோமோலார் என்ற மிகச் சிறிய அளவிலேயே கிருமியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைத்துவிடும். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு மைக்ரோமோலார் கணக்கில் வேண்டும், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. குடித்த கசாயத்தில் கொஞ்சம் குடலோடு போகும், கொஞ்சம் கல்லீரலில் கழியும். மிச்சம் ரத்தத்தில் அந்த அளவைத் தொட்டு, அப்படியே மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டும். துங்காட் அலியின் கசப்புப் பொருளான யூரிகோமனோன் குழாயில் இன்னும் வீரியமானது. ஆனால் அந்த வகைக் கசப்புப் பொருள்கள் நம் உயிரணுக்களையும் தாக்கக்கூடியவை.

கசாயம் பற்றிக் கேட்டீர்கள். 4ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பில், ஒரு கைப்பிடிச் சிங்ஹாவ் செடியை (ஆர்ட்டிமிசினின் தரும் ஆர்ட்டிமிசியா அன்னுவா) இரண்டு ஷெங் (பழைய சீன அளவு) நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் இருக்கிறது, காய்ச்சு என்று இல்லை. ஆர்ட்டிமிசினினைக் கண்டுபிடித்த து யூயூவின் குழு அதை வாசித்துத்தான் சூட்டைக் குறைத்தது. 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் இலையை இறக்கினார்கள். அதிலும் அமிலப் பகுதியைக் கழித்துவிட்டு நடுநிலைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் எண் மாதிரி எலியின் கிருமியை முழுசாக ஒழித்தது. அந்தக் கழிக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆர்ட்டிமிசினின் நீரில் சரியாகக் கரையாது. 9 கிராம் உலர்ந்த ஆர்ட்டிமிசியா அன்னுவா இலையை ஒரு லிட்டர் வெந்நீரில் போட்டு அளந்தபோது கிடைத்தது 94 மி.கி. சொச்சம். பெரியவருக்கு வழக்கமான ஒரு நாள் அளவு 500 மி.கி., அதாவது ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இந்தத் தேநீரால் காய்ச்சல் இறங்கும், ஆளும் தேறியது போலத் தெரியும். மிச்சக் கிருமி சில வாரத்தில் திரும்பப் பெருகும். குறைந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமிதான் நாளைக்கு எதிர்ப்புச் சக்தியோடு நிற்கும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் செடியின் தேநீரையும் இலைப்பொடி மாத்திரையையும் ஆதரிப்பதில்லை.

ரத்தப்படலம்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நம் மலேசியாவில் 2018இலிருந்து மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் உள்ளூர் மலேரியா இல்லை. இப்போது இருப்பது குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலேசி. கெரா, பெரூக் என்னும் குரங்குகளிடம் இருக்கிறது, கொசு வழியாக நமக்கு வருகிறது. பேராக்கிலும் உண்டு. காட்டோரப் பிளாக் என்று எழுதியிருக்கிறீர்களே, அதே இடம்தான்.

இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், மனித மலேரியாக் கிருமியான ஃபால்சிபாரம் 48 மணி நேரம் எடுக்கும். மூன்று நாள் கசாயம் குடித்துப் பார்ப்போம் என்றால் கிருமி மூன்று சுற்றுப் பெருகிவிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது கடுமையான நோலேசி. அப்புறம் மாத்திரை இல்லை, நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி: கிலோவுக்கு 2.4 மி.கி., 0, 12, 24ஆம் மணியில்.

கண்டுபிடிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. நோலேசிக் கிருமியின் தொடக்க வளைய வடிவங்கள் ஃபால்சிபாரம் போலவே தெரியும். முற்றிய கிருமி சிவப்பணுவின் குறுக்கே பட்டையாகக் கிடக்கும், அப்போது மலேரியே (இன்னொரு மனித மலேரியாக் கிருமி) என்று எழுதிவிடுவார்கள். விரல் குத்தும் கிட்டை இதற்கு நம்ப முடியாது. பி.எஃப்.எம்.பி. என்ற மலேரியா ரத்தப் படலம்தான் கண்ணாடித் தகட்டில் எடுக்க வேண்டும், தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. 3 விழுக்காடு கீம்சாச் சாயத்தில் 45 நிமிடம், தாங்கல் நீர் பி.எச். 7.2. அது அமிலப் பக்கம் சாய்ந்தால் படலம் வெளிறிச் சிவந்து, கிருமியின் நீலம் எழும்பாது. தடித்த படலத்தை மெத்தனாலில் முக்கிவிட்டால் சிவப்பணு கரையாமல் ஒன்றுமே தெரியாது. அவசரத்தில் அதிகம் நடக்கிற தப்பு இது.

முதல் படலத்தில் கிருமி இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் 12 முதல் 24 மணிக்குள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

மண்டபத்து மல்லி:

நன்றி அண்ணே. அந்தக் கேப்ஸ்யூல் போடுகிறவர்களிடம் என்ன சொல்வது? 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள், பதிலுக்கு ஒன்று காட்ட வேண்டும்.

ரத்தப்படலம்:

பதிலுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது, மருத்துவர் எழுதிக் கொடுத்தால். ஒரு நாளைக்கு 100 மி.கி., காட்டுக்குள் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பிவந்து 4 வாரம் வரை. வந்த மறுநாளே நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. வயிற்றில் சோறு விழுந்தபின் ஒரு கிளாஸ் நீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் கன்றும், ஆகவே முழுக்கைச் சட்டை, அது கொசுவுக்கும் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் ஆகாது. தினமும் போய்வருகிறவர் வருடம் முழுக்க இதைப் போடலாமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இந்தக் கொசு வெளியில், பொழுது சாய்ந்தபின் கடிப்பது. அதனால் கடைசிக் குலையை ஆறு மணிக்கு முன்பே ஏற்றிவிடுவதும் ஒரு தடுப்புதான்.

ஹெம்பெடு பூமி போடுகிறவர் பிரஷர் மருந்தோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரினோ சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஹெம்பெடு பூமி ரத்த அழுத்தத்தை இறக்கும், ரத்தம் உறைவதையும் தளர்த்தும். பத்தாவாலியை மாதக்கணக்கில் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சளானால் உடனே நிறுத்த வேண்டும்.

இலைச்சாறு:

பிள்ளைகளின் சோதனைக்கு வருகிறேன். நிலவேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டு விடும் நேரத்தில் இலையை மட்டும் பறியுங்கள், தண்டில் சத்துக் குறைவு. நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, 5 கிராமை முதலில் 50 மி.லி. ஹெக்சேனில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அந்தப் பச்சைச் சாற்றைக் கழியுங்கள். ஆண்ட்ரோகிராஃபோலைடு ஹெக்சேனில் கரையாது, மெழுகும் பச்சையமும் ஓரளவு வெளியேறும். பொடி உலர்ந்தபின் 50 மி.லி. எத்தனாலில் ஓர் இரவு மூடி வைத்து வடிகட்டுங்கள். பச்சை போகவில்லையே என்று கரித்தூளை அள்ளிக் கொட்டுவார்கள், அது ஆண்ட்ரோகிராஃபோலைடையும் சேர்த்துக் குடித்துவிடும். ஒரு சிட்டிகை போதும்.

சாற்றின் பொருள்களைப் பிரித்துக் காட்டும் சிலிக்கா ஜெல் எஃப்254 தகட்டில் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு, தூய ஆண்ட்ரோகிராஃபோலைடு மாதிரிப் புள்ளியையும் சாற்றையும் அருகருகே வையுங்கள். புள்ளி பெரிதானால் மேலே வால்போல இழுத்துக்கொள்ளும், மெல்லிய நுண்குழாயால் தொட்டு உலர்த்தித் தொட்டு உலர்த்தி வைக்க வேண்டும். தகட்டின் அடியை நிறுத்தும் கரைப்பான் குளோரோஃபார்ம் 9 பங்கு, மெத்தனால் 1 பங்கு, புகைப்பெட்டிக்குள். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் தகடு பச்சையாக ஒளிரும், நடுவில் கரும்புள்ளி நிற்கும். மாதிரிப் புள்ளியின் உயரத்திலேயே சாற்றிலும் நின்றால் அதுதான். ஆர்ட்டிமிசினின் இந்த விளக்கில் தெரியாது, அனிசால்டிஹைடு தெளித்துச் சூடாக்கினால்தான் நிறம் காட்டும்.

அந்தத் தகட்டைப் படமெடுத்து நிலவேம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அட்டைக்கு வாசகம் இப்படி: 'இதன் கசப்புப் பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு. ஆய்வுக்கூடத்தில் மலேரியாக் கிருமியைத் தடுத்தது. மனிதருக்கு மலேரியா மருந்தாக ஏற்கப்படவில்லை.'

ரத்தப்படலம்:

அதன் கீழே பெரிய எழுத்தில் இன்னொரு வரி சேருங்கள்: 'காட்டுக்குப் போய்வந்து காய்ச்சலா? அன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தான் போய், எந்தக் காடு, எந்தத் தேதி என்று சொல்லி மலேரியா ரத்தச் சோதனை கேளுங்கள்.' மலாயிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டுங்கள். குலை வெட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.