இறங்கி வேகம் குறைந்தபிறகு கிரவுண்ட் லூப் ஏன்?

கேள்வி: தார்ரன்வே
மூக்கடியில் சக்கரம் உள்ள செஸ்னா 172 விமானத்திலிருந்து டெயில்வீல் (வாலடியில் சக்கரம்) உள்ள செஸ்னா 170-க்கு மாறுபவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. த்ரீ-பாயிண்ட்டில் (மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டு) அலுங்காமல் உட்கார்ந்த விமானம், வேகம் பாதிக்கு மேல் குறைந்தபிறகு தரையிலேயே கட்டுமீறிச் சுற்றிக்கொள்வதேன் (இதுதான் கிரவுண்ட் லூப்)? தொடும் நொடியில்தானே ஆபத்து அதிகம்? இடப்பக்கக் குறுக்குக்காற்று 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) என்று வைத்துக்கொள்வோம்.

பதில்: மூக்குத்தூக்கி
170-ல் எடைமையம் மெயின் வீல்களுக்கு (இறக்கைக்கு அடியிலுள்ள இரு பெரிய சக்கரங்கள்) பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் திரும்பினாலும் பின்பாரம் பழைய திசையிலேயே போகப் பார்க்கும், திருப்பம் தானாகவே பெருகும். 172-ல் இது தலைகீழ், விமானமே நேராக்கிக்கொள்ளும்.

வேகம் இறங்க இறங்க ரட்டருக்கு (கால் பெடலால் இயக்கும் வால் தகடு, மூக்கை இடவலமாகத் திருப்பும்) காற்று போதாது. ஆனால் அந்த 8 நாட் அப்படியேதான் இருக்கும். அது வாலை வலப்பக்கம் தள்ளும், மூக்கு இடப்பக்கம் ஓடும். இந்த நேரத்தில் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் டெயில்வீல்தான். "இறங்கியாச்சு" என்று யோக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) தளர்த்தினால் வால் லேசாகி அந்தப் பிடியும் போச்சு. யோக் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். எய்லரானை (இறக்கை ஓரத் தகடு, யோக்கைத் திருப்பினால் அசையும்) இடப்பக்கம் கூட்டிக்கொண்டே போய் கடைசியில் முழுசாக வையுங்கள். பெடலைக் காலால் அழுத்திப் பிடிக்காதீர்கள்: ஒரு தட்டு, மூக்கு திரும்பி வரத் தொடங்கியதும் விடு, அடுத்த தட்டு. நடுக்கோட்டுக்கு வந்தபிறகு விட்டால் மறுபக்கம் பாயும்.

பதில்: கிரீஸ்கை
காலை மட்டும் குறை சொல்லாதீங்க, சக்கரத்தையும் பாருங்க. ஸ்காட் 3200 மாதிரி டெயில்வீல் ஒரு கோணம் வரைக்கும்தான் பெடல் பேச்சைக் கேட்கும். தாண்டினால் கழன்று தன்னிஷ்டத்துக்குச் சுழலும். உள்ளே தேய்ந்திருந்தா சீக்கிரமே கழலும். வாலைத் தூக்கி முட்டுக் கொடுத்து, கையால் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. கழலும் இடம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். டெயில்வீலைத் தாங்கும் லீஃப் ஸ்ப்ரிங் (பட்டை வில்) தொய்ந்து, பிவட்டோட (சக்கரம் திரும்பும் அச்சு) மேல்முனை முன்பக்கம் சாய்ந்தா ஷிம்மி (சக்கரம் படபடவென ஆடுறது) வரும். அப்போ ஸ்டீயரிங்கை நம்பவே முடியாது.

பதில்: தார்ரன்வே
சரி, கழன்றே விட்டது. பிறகு?

பதில்: மூக்குத்தூக்கி
எதிர்ப்பக்க ரட்டர் முழுசா, எதிர்ப்பக்க பிரேக், யோக் பின்னாலேயே. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், முன்னால் ரன்வே இருந்தால், கொஞ்சம் பவர் கொடுத்து ரட்டருக்குக் காற்று ஊட்டலாம். நன்றாகச் சுற்றிவிட்டபிறகு பவர் கொடுத்தால் அடி பலமாகத்தான் விழும், த்ராட்டிலை மூடுங்கள். சுற்றின் வெளிப்பக்கம் இருக்கும் இறக்கை நுனிதான் தரையில் உரசும். கியர் (சக்கரக் கால்) மடிந்தால் அதுவும் பெரும்பாலும் அந்தப் பக்கமே.

பதில்: புல்தரை
த்ரீ-பாயிண்ட் மட்டும் போதாது. அமெரிக்காவில் எஃப்ஏஏ (விமானப் போக்குவரத்துத் துறை) விதி 61.31 கேட்கும் டெயில்வீல் பயிற்சியில் கோ-அரவுண்டும் (இறங்காமல் மீண்டும் மேலேறுவது), தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலொழிய வீல் லேண்டிங்கும் (வாலைத் தூக்கியபடி மெயின் வீல்களில் மட்டும் இறங்குவது) கட்டாயம். காற்று கூடும்போது வீல் லேண்டிங்கில் மூக்கு தாழ்ந்திருப்பதால் ரன்வே தெரியும், ரட்டரிலும் உயிர் இருக்கும். ஆனால் வால் இறங்கும் அந்த இரண்டு மூன்று நொடிதான் சிக்கல். மெதுவாகத் தொங்கவிடாமல், ரட்டர் வேலை செய்யும்போதே வாலை இறக்கி அழுத்துங்கள். முதல் பயிற்சிக்குப் புல்தரை நல்லது, டயர் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கும். தாரில் அதே சறுக்கலோடு தொட்டால் டயர் கவ்விக்கொள்ளும்.

பதில்: கிரீஸ்கை
ஒரு பக்க பிரேக் ஒட்டிக்கிட்டிருக்கான்னும் பாருங்க. இடப்பக்கம் ஒட்டினா காற்றோட சேர்ந்து அதுவும் இழுக்கும்.