குடும்பக் குழு: பெரியப்பாவின் கடைவாய்ப் பல்

பெரியப்பா: பல் எடுத்தாச்சு. சிம்மக்கல் தாண்டிவிட்டேன். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துக் கிடக்கிறது. யாரும் போன் பண்ணாதீங்க, பேச்சு குழறுது.

மீனா சித்தி: மீனாட்சி புண்ணியத்தில் நல்லபடியா முடிஞ்சது 🙏 பஞ்சைக் கடித்தபடியே இருங்க.

யாழினி: கலா அத்தை, மரத்துப் போறதுக்கு இங்கிலீஷில் 'நம்' தானே? எழுதும்போது மட்டும் கடைசியில் ஒரு 'பி' எதுக்கு?

கலா அத்தை: அது பிற்பாடு ஒட்டிக்கொண்டது ஆத்தா. கட்டைவிரலுக்குச் சொல்கிற 'தம்' கதையும் அதேதான். ஆனா 'நம்' பிறந்த வீடு எது தெரியுமா? 'எடு' என்கிற வினை.

செல்வம்: எடு என்றால் 'டேக்' இல்லையா?

கலா அத்தை: இப்போ 'டேக்'. பழைய ஆங்கிலத்தில் 'நிமன்'. ஜெர்மன்காரர்கள் இன்னும் 'நேமன்' என்றுதான் சொல்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து கப்பலில் படையெடுத்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவங்க பேச்சில் எடுப்பதற்கு 'டாகா'. அது மெல்ல மெல்ல ஊரெல்லாம் பரவி, 'நிமன்' வழக்கொழிந்தே போச்சு.

செல்வம்: வந்தவன் வீட்டுக்காரனைக் காலி பண்ணிட்டான் 😂

யாழினி: சரி, 'நம்' எங்கிருந்து வந்தது?

கலா அத்தை: 'நிமன்' என்பதில் 'எடுக்கப்பட்ட' என்பதற்கு 'நுமன்'. உணர்ச்சி பறிபோன உடம்பு. அது தேய்ந்து 'நம்'. சட்டென்று பற்றிக்கொள்கிறவனைச் சொன்ன 'நிம்பிள்' கூட அந்த வீட்டுப் பிள்ளைதான்.

செல்வம்: அப்போ பல்லை எடுத்தது வைக்கிங், மரத்தது உள்ளூர்!

கலா அத்தை: அதே. முட்டைக்கு 'எக்', வானத்துக்கு 'ஸ்கை' எல்லாம் அவங்க கொடுத்ததுதான். அதுகூடப் பரவாயில்லை, பொருளுக்குப் பெயர் கடன் வாங்குறது எங்கேயும் நடக்கும். 'அவர்கள்' என்பதற்கான 'தே' கூட அவங்களுடையது. சண்டை போட்டுவிட்டுக் கப்பலேறிப் போனவனிடம் இதையெல்லாம் யாரும் வாங்க மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் காட்டில் உழுது, பெண் எடுத்துப் பெண் கொடுத்து இருந்தால்தான் வரும்.

மீனா சித்தி: பெண்ணும் எடுத்தார்களா! 'டேக்'கா, 'நிமன்'னா?

கலா அத்தை: 😄 அது எந்த ஊர்ப் பெண் என்பதைப் பொறுத்தது.

பெரியப்பா: ஊசி வேகம் குறையுது. வலியும் எடுக்குது, பசியும் எடுக்குது.

செல்வம்: விளக்குத்தூண் பக்கம்தான் நிற்கிறேன். ஜிகர்தண்டா பார்சல் வாங்கட்டுமா?

மீனா சித்தி: வாங்கு. ஸ்ட்ரா கொடுத்துறாதே, உறிஞ்சினா பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு பெயர்ந்துரும். ஸ்பூன்தான்.

யாழினி: எனக்கு ஸ்ட்ரா ஓகே அண்ணா 🙋