சோலை ஓரத்துப் பாசி காய்கிறது: நிழலமைப்பு பற்றி ஆலோசனை தேவை

கொடைக்கானல் அருகே, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரச் சோலை (மலையுச்சிப் பசுமைக்காடு) ஓரத்தில், ஒரே மரத்தண்டில் மட்டும் நாங்கள் கண்டுள்ள தொங்குபாசி (மரத்தில் தொங்கி வளரும் மாஸ் வகை), பக்கத்திலிருந்த வாட்டில் என்னும் அயல்நாட்டு மரங்கள் கடந்த கோடையில் அகற்றப்பட்டதிலிருந்து நுனி பழுத்துக் காய்ந்து வருகிறது. அயல்மரங்களை அகற்றியது சரியே. ஆனால் நிழலும் உடன் போயிற்று. பாசிக்கு உண்மையான வேர் இல்லை, மூடுபனியின் ஈரத்தை இலைகளாலேயே உறிஞ்சுகிறது என்பதால், காலையில் மழைநீர் தெளித்துப் பார்த்தோம், நண்பகலுக்குள் உலர்ந்துவிடுகிறது. நிழல்வலை கட்டியதில் வெயில் தணிந்தது, மூடுபனியும் தடைபட்டது. 1961இல் வெளியான ஃபோரோ பாதிரியாரின் பழனிமலைப் பாசிப் பட்டியலைப் பார்த்தும் இனம் உறுதியாகவில்லை. இருப்பது ஒரே திட்டு என்பதால் பெயர்த்து நடத் துணியவில்லை. நட்டுள்ள சோலைக் கன்றுகள் நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மூடுபனியைத் தடுக்காமல் பிற்பகல் வெயிலை மட்டும் மறைக்க எதை, எப்படி அமைக்கலாம்?