1,650 மணித்தியாலம் ஓடிய யூடிவி: வைத்திருப்பதா, விற்பதா?

வெள்ளவத்தை வாசன்

சிலாபத்துக்கு உள்ளே மாமாவின் தென்னந்தோட்டத்தில் நின்ற யமஹா வைக்கிங் யூடிவி, அதாவது தோட்ட வேலைக்கான சின்ன நாலு சில்லு வண்டி, இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், முன்னால் மூன்று பேர் வரிசையாக இருக்கலாம், பின்னால் கவிழ்த்துக் கொட்டும் தட்டு. மீற்றரில் 21,400 கிலோமீற்றர், 1,650 மணித்தியாலம்.

காலையில் லேசில் ஸ்டார்ட் வருவதில்லை. முன் சில்லு ஒன்றில் முனகல். ஏற்றத்தில் பழைய இழுவை இல்லை. லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து வத்தளையில் நண்பனின் வளவில் விட்டிருக்கிறேன். வந்து பார்த்த ஒருவர் கம்பிரஷன் மானியை வைத்துவிட்டு "எஞ்சின் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செலவழித்து வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு பழைய சுசுகி ஜிம்னி ஜீப் எடுப்பதா?

கொட்டாஞ்சேனை ஜீப்காரன்

தம்பி, யோசிக்காமல் கொடுத்துவிடும். ஓடுகிற வண்டியாக இருக்கும்போதே கொடுத்தால்தான் காசு.

என்னிடம் இருப்பது 4டிஆர்5 எஞ்சின் போட்ட மிட்சுபிசி ஜீப். 2,659 சிசி டீசல். அதன் மீற்றர் எப்போதோ நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியாத பாஸ் கொழும்பில் கிடையாது. பஞ்சிகாவத்தைக்குப் போய் சுசுகி எஸ்ஜே 410-க்கு வீல் பேரிங் வேண்டும் என்று கேளும், கடைக்காரர் தலையைத் தூக்காமலே எடுத்து வைப்பார். வைக்கிங்குக்குக் கேட்டால் உம்மைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

தென்னைக்கு நடுவே போக ஒடுங்கின வண்டி வேண்டும் என்று யாராவது வந்து சொல்வார்கள். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே தென்னை நடுவதே 26 அடிக்கு 26 அடி, ஏக்கருக்கு 64 மரம். அதற்குள் ஜிம்னி என்ன, பட்டா லொறியே திரும்பும்.

தெமட்டகொட கராஜ்

ஜீப் அண்ணை, சாமான் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மற்றதில் நான் ஒத்துவர மாட்டேன்.

வாசன், முதலில் 21,400-ஐ 1,650-ஆல் பிரித்துப் பாருங்கள். மணிக்கு 13 கிலோமீற்றர். அப்படியென்றால் இந்த வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்த நேரம் நிறைய. தேங்காய் ஏற்றி முடிக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் விட்டிருப்பார்கள். அப்போது கிலோமீற்றர் ஏறாது, மணித்தியாலம் ஏறும், ஓயிலும் கெடும். தோட்டத்தில் கிலோமீற்றரைப் பார்த்து மட்டும் ஓயில் மாற்றியிருந்தால் பாதி சேர்விஸ் விடுபட்டிருக்கும். புத்தகத்தில் இரண்டும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

கம்பிரஷன் எவ்வளவு காட்டியது?

வெள்ளவத்தை வாசன்

70 பிஎஸ்ஐ. 150-க்கு மேல் இருக்க வேண்டும் என்றார்.

தெமட்டகொட கராஜ்

அதை வைத்து எஞ்சினுக்கு எட்டுச்செலவு செய்துவிடாதீர்கள். இந்த எஞ்சினின் கேம் தண்டில் ஒரு டிகம்பிரசர் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் வேகத்தில் அது எக்ஸோஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், பெரிய ஒற்றை பிஸ்டனை மோட்டார் சிரமமில்லாமல் தள்ள வேண்டும் என்பதற்காக. எஞ்சின் பிடித்து வேகம் ஏறியதும் தானாக விலகிவிடும். ஆகவே ஸ்டார்ட்டரில் சுற்றி மானி பார்த்தால் நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும்.

செய்ய வேண்டியது லீக்டவுன். பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்கும்போது பிளக் துவாரம் வழியாகக் காற்றை அடித்து எத்தனை வீதம் கசிகிறது என்று பார்ப்பது. எங்கே கசிகிறது என்பதைக் காதை வைத்தே பிடிக்கலாம். ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உஸ் என்று கேட்கிறதா, பிஸ்டன் ரிங் பக்கம். சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வு. எயார் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் கஸ்கெற்.

அதோடு இன்னொன்று, செலவில்லாதது. ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். அந்தப் பக்கத்து கிரவல் பாதையின் சிவப்புத் தூசு ஃபில்டரைத் தாண்டி உள்ளே போயிருந்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டக்குளி மலர்

எல்லாரும் எஞ்சினிலேயே நிற்கிறீர்கள். இந்த வண்டிகளில் முதலில் காலை வாருவது பெல்ட், எஞ்சினின் சுழற்சியைச் சில்லுப் பக்கம் கொண்டுபோகும் ரப்பர்ப் பட்டி. எங்கள் குடும்பத்தில் ஒன்று இருந்தது, வேறு கம்பனி, பெயர் வேண்டாம். ஈரமணலில் புதைந்த பிறகு லோ கியரில் போடாமல் ஹை கியரிலேயே அழுத்தினார்கள். சில்லு சுற்றவில்லை, பெல்ட்டும் சுற்றவில்லை, கிளட்ச் புல்லி மட்டும் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டு நின்றது. ரப்பர் எரிந்த மணம். அதன் பிறகு மெதுவாகப் போகும்போதெல்லாம் டொக் டொக் என்று ஒரு தட்டல். மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள், பெல்ட்டில் ஒரு இடம் மட்டும் இடுப்பு ஒடுங்கினது போல. கொஞ்ச நாளில் அந்த இடத்திலேயே அறுந்தது. பெல்ட் வெளிநாட்டிலிருந்து வரும்வரை தேங்காய் எல்லாம் லேண்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்தான் போனது.

ஆகவே என் கட்சி மூன்றாவது. யூடிவி வேண்டும், பெல்ட் வேண்டாம். ஹொண்டா பயனியர் 1000-இல் இரட்டைக் கிளட்ச், உண்மையான கியர். குபோட்டா ஆர்டிவி 900 டீசல், ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது ஓயில் அழுத்தத்தால் சில்லைச் சுற்றுவது, அதிலும் பெல்ட் இல்லை.

தெமட்டகொட கராஜ்

அக்கா, உங்கள் வண்டிக்கு நடந்தது இதற்கு அப்படியே பொருந்தாது. பல வண்டிகளில் பெல்ட் ஐட்லில் தளர்வாகக் கிடக்கும், எக்ஸிலறேற்றர் கொடுத்ததும் புல்லி வந்து கவ்வும். அந்தக் கவ்வலில்தான் தேய்வு. யமஹாவின் பெட்டியில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே சுற்றும். கவ்விப் பிடிக்கும் வேலையை ஓயிலில் ஊறிய தனிக் கிளட்ச் ஒன்று செய்கிறது. பாரத்தோடு லோவில் ஓட்டினால் பெல்ட் நன்றாக உழைக்கும். ஆனாலும் மூடியைத் திறந்து வேர்னியர் கலிப்பரால் பெல்ட்டின் அகலத்தைப் பல இடத்தில் அளக்க வேண்டும். ஓர் இடம் குறைந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். மூடியின் அடியில் ஒரு தண்ணீர்ப் பிளக் இருக்கும், வெள்ளத்தில் இறங்கிய பிறகு அதைக் கழற்றி வடிய விட வேண்டும்.

வாசன், ஓயிலில் கிளட்ச் ஊறுகிறது என்றேன் அல்லவா? தோட்டத்தில் என்ன ஓயில் ஊற்றினார்கள்?

வெள்ளவத்தை வாசன்

ட்ரைவரிடம் கேட்டேன். கார் ஓயில். நல்ல விலையான ஓயில்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்.

தெமட்டகொட கராஜ்

விலையில் இல்லை. எரிபொருள் மிச்சம் பிடிக்க வந்திருக்கும் கார் ஓயில்கள் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உண்டு. எஞ்சினுக்கு அது நல்லது, இந்தக் கிளட்ச் வழுக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கானில் ஜாசோ எம்ஏ என்று போட்ட மோட்டார் சைக்கிள் ஓயில் எந்தக் கடையிலும் இருக்கிறது. இன்றைக்கே மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனை ஜீப்காரன்

பார்த்தீரா வாசன்? ஓயிலுக்கு ஒரு சாத்திரம், பெல்ட்டுக்கு ஒரு சாத்திரம், காற்று அடித்துக் காது வைத்துக் கேட்க ஒரு சாத்திரம். இதெல்லாம் தோட்டத்து ட்ரைவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வண்டி எவ்வளவு நல்லது என்பதல்ல என் கேள்வி. அதைப் பார்க்க ஆள் இருக்கிறானா என்பதுதான். என் ஜீப்புக்கு 2022 பெற்றோல், டீசல் வரிசைக் காலத்திலும் தெருமுனையில் ஆள் இருந்தான்.

மலர் பிள்ளை சொன்ன ஹொண்டாவும் குபோட்டாவும் நல்ல வண்டிகளாக இருக்கும். இங்கே யாரிடம் போய் வாங்குவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருஷம் இருக்கிறதை வைத்துத்தானே எல்லாரும் ஓட்டினோம்? கடையில் சாமான் இருக்கிற வண்டிதான் ஓடியது.

இன்னொன்று. 2016-இல் அமெரிக்காவில் பொலாரிஸ் ஆர்இசட்ஆர் வண்டிகள் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் திருப்பி அழைத்தார்கள், தீப்பிடிக்கிறது என்று. இந்த இனமே அப்படி.

மட்டக்குளி மலர்

வேறு கம்பனியின் வேறு வண்டிக்கு வந்ததை இதன் தலையில் கட்டாதீர்கள் அண்ணா. ஆனால் தீ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னந்தோட்டத்தில் ஓடும் எந்த வண்டியின் அடியிலும் தும்பும் காய்ந்த பாளையும் போய்ச் சைலன்சரைச் சுற்றி அடைந்துவிடும். உங்கள் ஜிம்னியிலும் அடையும். வாசன், அடித்தகட்டைக் கழற்றி ஒருதரம் பாருங்கள், என்னென்ன இருக்கிறது என்று.

தெமட்டகொட கராஜ்

சாமான் கிடைக்காது என்பதிலும் பாதிதான் உண்மை. பெல்ட், கிளட்ச் ரோலர், வால்வு சீல், இவற்றை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பேரிங் அப்படியில்லை. பேரிங்கின் ஓரத்தில் நம்பர் பொறித்திருக்கும். உதாரணத்துக்கு 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மில்லிமீற்றர், உலகம் முழுக்க ஒன்றுதான். வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் முழிப்பார், நம்பரைச் சொன்னால் எடுத்துத் தருவார். பின்னால் 2ஆர்எஸ் என்று எழுதினதைக் கேளுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, சேறு போகாது. ஓயில் சீலும் அப்படித்தான், மூன்று அளவும் மேலேயே இருக்கும்.

முன் சில்லின் முனகல் பேரிங்காக இருந்தால் ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங் போவதற்குப் பெரும்பாலும் பாரம்தான் காரணம். இந்தத் தட்டுக்கு 272 கிலோ என்று கம்பனி சொல்கிறது. உரிக்காத தேங்காயைக் குவித்து ஏற்றினால் அது எங்கே நிற்கும்? முன், பின் டிஃபரென்ஷல் ஓயிலையும் வடித்துப் பாருங்கள், பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

வெள்ளவத்தை வாசன்

செய்துவிட்டு வந்திருக்கிறேன். லீக்டவுன் மானி வைத்திருந்த ஒருவரைப் பிடித்தோம்.

கசிவு 22 வீதம். ஓயில் மூடியில் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, இன்டேக் பக்கம் கொஞ்சம். வெள்ளைத் துணி சுத்தமாக வரவில்லை, செங்கல் நிறத்தில் மெல்லிய மா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அந்த மூலையில் விரல் நகம் போகும் இடைவெளி. பெல்ட் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. பேரிங் போயிருக்கிறது, நம்பர் எடுத்துவிட்டேன். டிஃபரென்ஷல் ஓயில் கறுப்பு, ஆனால் தண்ணீர் இல்லை. அடித்தகட்டில் மலர் சொன்னபடி ஒரு பை நிறையத் தும்பு.

கொட்டாஞ்சேனை ஜீப்காரன்

ரிங் போயிருக்கிறது. நான் முதலில் சொன்னதற்கே வந்து நிற்கிறோம். வைத்திருக்கத்தான் போகிறீர் என்றால் சிலிண்டரைப் போர் அடித்து, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடும், லேத் கடையில் ஒரு நாள் வேலை.

தெமட்டகொட கராஜ்

அதை மட்டும் செய்ய வேண்டாம்! உங்கள் ஜீப்பின் சிலிண்டர் இரும்பு. இது அலுமினியம், உட்சுவரில் செரமிக் கலந்த பூச்சு. போர் அடித்தால் பூச்சு போய்விடும், வெறும் அலுமினியத்தில் ரிங் நிற்காது. புதுச் சிலிண்டர் வாங்க வேண்டும், இல்லையென்றால் இரும்பு ஸ்லீவ் இறக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். செலவு கூடும், ஒளிக்கவில்லை.

ஆனால் 22 வீதத்தில் இந்த எஞ்சின் நாளைக்குச் செத்துப்போகாது. தூசு உள்ளே போவதை நிறுத்தினால் தேய்வின் வேகம் குறையும். ஃபில்டர் பெட்டிக்கு நல்ல கிளிப், வால்வு இடைவெளியைப் புத்தக அளவுக்குச் சரிசெய்தல், சரியான ஓயில், பேரிங், டிஃபரென்ஷல் ஓயில். இன்டேக் பக்கத்துச் சத்தம் இடைவெளி இறுகினதால்கூட இருக்கலாம், ஸ்டார்ட் சிரமத்துக்கும் அதுவே காரணமாகலாம். இவ்வளவையும் முடித்துவிட்டு ஓட்டுங்கள். அடுத்த 100 மணித்தியாலத்தில் மறுபடி லீக்டவுன். 22 அப்படியே நின்றால் ஓட்டிக்கொண்டே இருங்கள். 30-ஐத் தாண்டினால் சிலிண்டரைப் பற்றி அப்போது பேசலாம்.

வெள்ளவத்தை வாசன்

அப்படியே செய்கிறேன். ஃபில்டர் கிளிப்பும் ஒரு உபரிப் பெல்ட்டும் ஓடர் பண்ணியாயிற்று. தட்டில் 272 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ட்ரைவரிடம் சொன்னேன், "அப்ப லேண்ட்மாஸ்டரும் வேணும்" என்கிறார்.

கொட்டாஞ்சேனை ஜீப்காரன்

இரண்டு வண்டி வைத்துப் பார்ப்பதற்கு ஒரு ஜிம்னி மலிவு. சரி, உம்முடைய காசு. 100 மணித்தியாலம் கழித்து விற்க நினைத்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடும், ஆள் இருக்கிறது. அந்த 22-ஐ வாங்குகிறவரிடமும் சொல்லிவிட்டு விற்க வேண்டும், அது மட்டும்.