வியூக மேலாண்மைத் தாளை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி?

கேள்வி: பி.பி.ஏ. மூன்றாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.பி.ஏ. மூன்றாமாண்டு படித்து வருகிறேன். இந்தப் பருவத்தில் வியூக மேலாண்மை எங்களுக்கு ஒரு தாளாக இருக்கிறது. கணக்கியல், நிதி மேலாண்மை போன்ற தாள்களில் என்ன கேட்கிறார்கள், எதை எழுத வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. இந்தத் தாளில் அந்தத் தெளிவு எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்வாட் (வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நான்கு கட்டங்கள்), போர்ட்டரின் ஐந்து விசைகள் (போட்டியாளர், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள், விற்பவர், வாங்குபவர் ஆகியோர் ஒரு தொழிலின்மேல் தரும் அழுத்தம்), பாஸ்டன் ஆலோசனைக் குழுமத்தின் பி.சி.ஜி. அணி (ஒரு குழுமத்தின் தொழில்களை ஒப்பிடும் கட்டப்படம்), ஆன்சாஃப் அணி (வளர்ச்சி வழிகளைக் காட்டும் கட்டப்படம்), மதிப்புச் சங்கிலி (ஒரு பொருளுக்கு மதிப்புச் சேர்க்கும் செயல்களின் வரிசை) ஆகிய எல்லாவற்றையும் படம் வரைந்து விளக்க என்னால் முடியும். ஆனால் வினாத்தாளின் கடைசிப் பகுதியில் ஒரு நிறுவனத்தின் நிலையை ஒரு பக்கத்துக்கு விவரித்துவிட்டு, "இந்நிறுவனம் அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும்போது, எந்த நிறுவனமானாலும் என் விடை ஒன்றுபோலவே அமைகிறது: தரத்தை உயர்த்த வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும், புதிய சந்தைகளுக்குச் செல்ல வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். பிஸ்கட் நிறுவனத்துக்கு எழுதியதை அப்படியே மருத்துவமனைக்கும் எழுதிவிடலாம் என்ற நிலையில், இதில் நான் எதையும் கற்கவில்லை என்ற எண்ணம் வருகிறது. தேர்ச்சி பெறுவது மட்டும் என் நோக்கமன்று. இந்தப் பாடம் உண்மையில் எதைக் கற்பிக்க வருகிறது என்பதை அறிய விரும்புகிறேன். வேலை அனுபவம் இல்லாத ஒரு மாணவி இதை எப்படிப் படிக்கலாம், நிறுவனங்களைப் பற்றிய நம்பகமான தகவல்களை எங்கிருந்து பெறலாம் என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கல்லூரி ஆசிரியர், வணிக மேலாண்மைத் துறை

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் விடை, எந்த நிறுவனத்துக்கும் பயன்படாத விடை. தரத்தை உயர்த்தக் கூடாது, செலவைக் கூட்ட வேண்டும் என்று சொல்லும் மேலாளர் எவரும் இல்லை என்பதால், அந்த வாக்கியங்களில் முடிவு என்று எதுவுமே இல்லை. ஒரு நிறுவனம் எதைச் செய்யாமல் விடுகிறது, அதனால் எந்த வருமானத்தை இழக்கச் சம்மதிக்கிறது என்பதைச் சொல்லும்போதுதான் வியூகம் தொடங்குகிறது. வியூகத் துறை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1996-இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தியது இதைத்தான். ஆனால் நம் பாடத்திட்டங்களில் அவருடைய 1979-ஆம் ஆண்டின் ஐந்து விசைகளுக்குக் கிடைக்கும் இடம் இந்தக் கருத்துக்குக் கிடைப்பதில்லை; இது எனக்கு நெடுநாளைய குறை.

ஆகவே பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்துகொண்டு, வகுப்பில் நடத்தப்படும் ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பது ஐஷர் மோட்டார்ஸ் நிறுவனத்தை. அதன் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் சென்னையை ஒட்டித் தயாராகின்றன என்பதால் மட்டுமன்று, அதன் வரலாற்றில் கைவிடுதல் என்ற செயல் வெளிப்படையாகத் தெரிகிறது என்பதால்.

2000-ஆம் ஆண்டையொட்டி ஐஷர் குழுமம் டிராக்டர், லாரி, மோட்டார் சைக்கிள், வாகன உதிரிபாகங்கள், காலணி, ஆடை என்று ஏறத்தாழ பதினைந்து தொழில்களில் ஈடுபட்டிருந்தது. எதிலும் அது முதலிடத்தில் இல்லை. திருவொற்றியூரில் 1955 முதல் இயங்கிவந்த என்ஃபீல்டு தொழிலை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட அப்போது இருந்தது. குழுமத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்த லால் பொறுப்பேற்றபின், லாரி, மோட்டார் சைக்கிள் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கினார்கள். குழுமத்தின் அடையாளமாகவே இருந்த டிராக்டர் தொழிலை 2005-இல் சென்னையைச் சேர்ந்த டாஃபே நிறுவனத்துக்கு விற்றார்கள். லாரித் தொழில் 2008-இல் வோல்வோவுடன் கூட்டு நிறுவனமாயிற்று. 2009-இல் புதிய எஞ்சினுடன் கிளாசிக் வண்டி வந்தது. 2010-இல் ஏறத்தாழ ஐம்பதாயிரமாக இருந்த ராயல் என்ஃபீல்டு விற்பனை, 2017-18 நிதியாண்டில் எட்டு லட்சத்தைத் தாண்டியது.

இப்போது உங்கள் பாடநூலுக்குத் திரும்புங்கள். டிராக்டரை விற்றது ஏன் என்ற ஒரு கேள்வியே பி.சி.ஜி. அணியின் வரம்பை உங்களுக்குக் காட்டிவிடும். அந்த அணியில் சந்தை வளர்ச்சி ஓர் அச்சு, ஒப்பீட்டுச் சந்தைப் பங்கு மற்றோர் அச்சு. இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால், நட்டத்தில் தத்தளித்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு டிராக்டரை வைத்துக்கொள்ளுமாறு பலர் ஆலோசனை கூறியிருப்பார்கள். ஆனால் அந்த மோட்டார் சைக்கிளிடம் பிறர் எளிதில் உருவாக்க முடியாத ஒன்று இருந்தது: பல பத்தாண்டுகளாகத் திரண்ட பெயரும், அந்த வண்டியை விட்டுக்கொடுக்காத வாடிக்கையாளர் கூட்டமும். மேலாண்மை அறிஞர் ஜே பார்னி 1991-இல் சொன்ன, மதிப்புடைய, அரிய, நகலெடுக்கக் கடினமான, மாற்றில்லாத வளம் என்ற நான்கு நிபந்தனைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். மறுபுறம், அதே டிராக்டர் தொழிலை வாங்கிய டாஃபேவின் முடிவும் தவறில்லை. அதற்கு டிராக்டர்தான் முதன்மைத் தொழில், அந்தக் கொள்முதல் அதை இந்தியாவின் இரண்டாவது பெரிய டிராக்டர் தயாரிப்பாளராக ஆக்கியது. ஒரே சொத்து இருவர் கையில் இருவேறு மதிப்புப் பெறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நிறுவன அளவிலான வியூகம் (எந்தெந்தத் தொழில்களில் இருப்பது என்ற முடிவு) என்ற பாடம் முழுவதும் உங்களுக்கு விளங்கும்.

தகவலுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. அதில் நிர்வாகத்தின் கலந்தாய்வும் பகுப்பாய்வும் என்ற பகுதியை முதலில் படியுங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிகளின்படி அந்தப் பகுதி இடம்பெற்றே ஆக வேண்டும். பத்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தால், எந்தச் சொல் மறைந்தது, எந்தத் தொழில் காணாமற் போனது என்பது உங்களுக்கே தெரியும்.

மறுமொழி: வங்கிக் கடன் பிரிவில் பணிபுரிபவர், கோயம்புத்தூர்

ஆசிரியர் கூறியதை ஏற்கிறேன். ஐந்து விசைகளைப் பற்றி மட்டும் என் பணி சார்ந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் மாணவர்கள் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்தும் கருவி அதுதான். ஐந்து தலைப்புகளுக்கும் எதிரே "அதிகம்", "நடுத்தரம்", "குறைவு" என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கருவி கேட்பது வேறு: இந்தத் தொழிலில் உருவாகும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது?

எங்கள் பகுதி நூற்பாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சோ பெரும்பாலும் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. அறுவடை தொடங்கும் மாதங்களில் வாங்கி இருப்பு வைக்கப் பெருந்தொகை வேண்டும். வாங்காமல் விட்டால் பிறகு விலை ஏறலாம். 2021-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் இறக்குமதிப் பஞ்சுக்குச் சுங்க வரி விதிக்கப்பட்டதால், வெளிநாட்டுப் பஞ்சைக் காட்டிப் பேரம் பேசும் வாய்ப்பும் சுருங்கியது. மறுபக்கத்தில், நாற்பதாம் நம்பர் (நூலின் நுண்மையைக் குறிக்கும் எண்) நூல் எந்த ஆலையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்று கருதும் பின்னலாடை உற்பத்தியாளர், கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தால் ஆலையை மாற்றிவிடுவார். விற்பவரும் வாங்குபவரும் இரு பக்கமும் நெருக்க, இடையில் இருப்பவருக்கு மிஞ்சுவது மெல்லிய இலாபம். "அதிகம்" என்ற ஒரு சொல் இந்தச் சங்கிலியைச் சொல்லாது.

இதன் அடுத்த கேள்விதான் வியூகம். பஞ்சு விலையும் நூல் விலையும் கையில் இல்லாத ஓர் ஆலை எதைத் தன் கைக்குக் கொண்டுவர முடியும்? 1990-களிலிருந்து இங்குள்ள ஆலைகள் பல சொந்தமாகக் காற்றாலை நிறுவின. பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்றான மின்சாரத்தின் மேல் அதனால் பிடி கிடைத்தது. சில ஆலைகள் மிக நுண்ணிய நூலுக்கோ வண்ணம் கலந்த நூலுக்கோ மாறி, வாங்குபவர் எளிதில் விலக முடியாத நிலையை உருவாக்கின. கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கையில் இவ்வாறான ஒரு விடையைத்தான் நாங்கள் தேடுகிறோம். உங்கள் ஊரில் எந்தத் தொழில் நடக்கிறதோ, அதில் இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்: யாருக்கு முன்பணம் தருகிறீர்கள், யாரிடம் கடனுக்கு விற்கிறீர்கள், எத்தனை நாளில் பணம் வருகிறது? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடையில் பேரம் பேசும் வலிமை யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி: உற்பத்தித் துறையில் திட்டமிடல் பணியில் இருப்பவர்

மேலே உள்ள இரு மறுமொழிகளும் நன்று. எனினும் ஒரு மாறுபாட்டைப் பதிவு செய்ய வேண்டும். நடந்து முடிந்த வெற்றியைப் பின்னாலிருந்து பார்க்கும்போது, எல்லாம் முன்கூட்டியே தீட்டிய திட்டம்போலத் தோன்றும். இதை எச்சரிக்கும் ஒரு நிகழ்வு இந்தத் துறையிலேயே நன்கு அறியப்பட்டது.

ஹோண்டா 1959-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் விற்பனையைத் தொடங்கியது. ஜப்பானிய நிதி அமைச்சகம் அதற்கு அனுமதித்த முதலீடு 2,50,000 டாலர் மட்டுமே. அமெரிக்கர்கள் பெரிய வண்டிகளை விரும்புவார்கள் என்று நம்பி 250 சிசி, 305 சிசி வண்டிகளை முன்னிறுத்தினார்கள். அங்குள்ள நெடுந்தொலைவு, அதிவேகப் பயணங்களில் அந்த வண்டிகள் எண்ணெய் கசிந்து, கிளட்ச் பழுதாகி நின்றன. அந்நேரத்தில் ஊழியர்கள் தங்கள் சொந்த வேலைகளுக்காக ஓட்டிச் சென்ற 50 சிசி சூப்பர் கப் வண்டியைத் தெருவில் பார்த்தவர்கள் விசாரிக்கத் தொடங்க, வேறு வழியின்றி அதை விற்கத் தொடங்கினார்கள். அதுவே சந்தையைத் திறந்தது. 1975-இல் பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டன் ஆலோசனைக் குழுமம் தயாரித்த அறிக்கை, ஹோண்டாவின் வெற்றிக்குப் பெருமளவு உற்பத்தியும் அதனால் குறைந்த செலவுமே காரணம் என்று விளக்கியது. மேலாண்மை ஆய்வாளர் ரிச்சர்ட் பாஸ்கேல் ஹோண்டா நிறுவனத்தின் அலுவலர்களையே சந்தித்துக் கேட்டு 1984-இல் எழுதியபோதுதான் மேற்சொன்ன வரலாறு பரவலாகத் தெரிந்தது. பின்னர் பெரும் புகழ்பெற்ற ஹோண்டா விளம்பரத்தின் கருகூட, கலிஃபோர்னியாவில் ஓர் இளநிலை மாணவர் வகுப்புக்காகச் செய்த பணியில் பிறந்தது என்று பாஸ்கேல் குறிப்பிடுகிறார். இளநிலை மாணவியான உங்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் கூறும், திட்டமிட்ட வியூகம் (முன்கூட்டியே தீட்டியது), தானாக உருவான வியூகம் (ஹோண்டாவைப்போல நடைமுறையில் உருவெடுத்தது) என்ற வேறுபாட்டைப் பாடநூல்கள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. நீங்கள் அப்படிக் கடந்துவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது, அது வெற்றி பெற்றபின் எழுதப்பட்டதா, முடிவெடுத்த ஆண்டிலேயே எழுதப்பட்டதா என்று பாருங்கள். பழைய அறிக்கைகளே கூடுதல் உண்மை பேசும்.

கேள்வி கேட்ட மாணவி

மூவருக்கும் நன்றி. ஐஷர் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு ஸ்வாட் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 2025 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. மாறியதை "வாய்ப்பு" என்ற கட்டத்தில் எழுதினேன்: 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக், புல்லட் போன்றவை 349 சிசி என்பதால் இது நேரடியான நன்மை. இவ்வளவு போதுமா?

மறுமொழி: கல்லூரி ஆசிரியர்

நல்ல தொடக்கம், ஆனால் அந்தச் செய்தியின் மறுபாதி விடுபட்டிருக்கிறது. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அதே மாற்றத்தில் வரி 40 சதவீதமாக உயர்ந்தது. 2023 ஜூலையில் பஜாஜுடன் இணைந்து டிரயம்ஃப் கொண்டுவந்த 398 சிசி வண்டியும், ஹீரோவுடன் இணைந்து ஹார்லி-டேவிட்சன் கொண்டுவந்த 440 சிசி வண்டியும் அந்தப் பிரிவில் விழுகின்றன. அவை ராயல் என்ஃபீல்டுக்குப் போட்டியாக வந்தவை. அவ்வகையில் வாய்ப்பு நீங்கள் எழுதியதைவிடப் பெரியது. ஆனால் ராயல் என்ஃபீல்டின் 450, 650 சிசி வண்டிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. 350-இல் தொடங்கிய வாடிக்கையாளரைப் பெரிய வண்டிக்கு அழைத்துச் செல்வது அந்நிறுவனத்தின் வளர்ச்சிப் பாதைகளில் ஒன்று. அந்தப் படியின் உயரம் உள்நாட்டில் இப்போது கூடியிருக்கிறது. எனவே ஒரே செய்தி உங்கள் ஸ்வாட் படத்தில் வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகிய இரு கட்டங்களிலும் இடம்பெற வேண்டும்.

அதோடு நிறுத்தாமல், "அடுத்த முதலீட்டை 350 சிசி வண்டிகளின் உற்பத்தியைப் பெருக்கச் செலவிடுவதா, உள்நாட்டு வரி தொடாத ஏற்றுமதிச் சந்தைகளுக்காகப் பெரிய வண்டிகளில் செலவிடுவதா?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, விடையின் முதல் வாக்கியத்திலேயே அதை எழுதுங்கள். அடுத்து, அதற்கான காரணங்களை ஐந்து விசைகளிலிருந்தோ வளங்களிலிருந்தோ எடுத்துக் காட்டுங்கள். தேர்ந்த வழியால் நிறுவனம் எதை இழக்கும் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நான் விடைத்தாள் திருத்தும்போது முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான். உங்கள் தேர்வு என் தேர்விலிருந்து மாறுபட்டாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் குறையாது. எழுதி முடித்ததும் இங்கேயே பதியுங்கள், படித்துக் கருத்துச் சொல்கிறேன்.