நான் செஞ்ச மலை கொலு மலை மாதிரியே இருக்கு, எங்க தப்பு பண்றேன்?

ஆறடிப்பலகை:

வணக்கம் மக்களே. ஒரு வருஷமா மாடல் ரயில் பைத்தியம் பிடிச்சிருக்கு. ஊட்டி மலை ரயில்ல கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் வர்ற மாதிரி சின்னதா ஒண்ணு பண்ணணும்னு ஆசை. ஆறடிக்கு மூணடி பிளைவுட், ட்ராக் அகலம் ஒன்பது மில்லிமீட்டர், 1:87 அளவுல (நெசத்துல 87ல ஒரு பங்கு) பெட்டிங்க நானே அட்டையில வெட்டி ஒட்டிட்டிருக்கேன். ட்ராக் போட்டாச்சு, ரயிலும் ஓடுது, அதுல பிரச்சினை இல்ல.

பிரச்சினை மலைதான். தெர்மாகோல் ஷீட்டை அடுக்கி கத்தியால செதுக்கி, மேல நியூஸ்பேப்பர் மைதா பசை வச்சு ஒட்டி, பச்சை பெயின்ட் அடிச்சு, அங்கங்க பிரவுன் தொட்டு வச்சேன். எங்கம்மா வந்து பாத்துட்டு "நல்லாருக்குடா, நவராத்திரிக்கு இதையே வச்சுக்கலாம், மேல ஒரு முருகர் மட்டும் வாங்கிட்டு வா"ன்னுட்டாங்க. அவங்க சொன்னதுக்கப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரியுது. ரயில் சுத்தி வருது, நடுவுல ஒரு பச்சைக் குவியல் உக்காந்திருக்கு. அதுல ஒரு ஓட்டை, அதுதான் டன்னல்.

இன்னும் உயரமா பண்ணணுமா, இல்ல கலர்தான் சரியில்லையா? வெளிநாட்டு சாமானெல்லாம் வாங்கற அளவுக்கு வசதி இல்ல. அதுக்கும் மேல பேப்பர்ல பூச்சி வேற வருது, அதுக்கும் வழி சொன்னா புண்ணியமா போகும்.

---

தெர்மாகோல்_தாத்தா:

தம்பி, உயரமும் இல்லீங்க, கலரும் இல்லீங்க. நீங்க பலகைய தரைன்னு வச்சுட்டு அதுக்கு மேல மலைய வச்சிருக்கீங்க. எல்லாரும் மொதல்ல பண்றது அதுதான், நானும் ரெண்டு தடவ பண்ணி ரெண்டையும் குப்பைல போட்டிருக்கேன். கொலுப்படி தட்டையா இருக்கும், அதுமேல மலை வைப்பாங்க, அதனாலதான் உங்கம்மாவுக்கு அது டக்குன்னு ஞாபகம் வந்திருக்கு, அவங்க கண்ணு கரெக்ட்டுங்க.

நெசமான லைன்ல போயிப் பாருங்க. கல்லாறு தாண்டினதும் ஒரு பக்கம் பாறை ஜன்னல ஒரசற மாதிரி நிக்கும், இன்னொரு பக்கம் எட்டிப் பாத்தா ஒண்ணுமே இருக்காது, பள்ளம்தான். மலைச் சரிவ ஒரு ஓரமா வெட்டி ஒரு பெட்டி போற அளவுக்கு ஒரு திண்ணை மாதிரி எடுத்து அதுல தண்டவாளம் போட்டிருக்கான். ஆக உங்க மாடல்ல பாக்கறவன் கண்ணு ட்ராக்குக்குக் கீழ எறங்கணும். ட்ராக்குக்கு மேல அரையடி மலையும் கீழ அரையடி பள்ளமும் இருந்தா, மேல மட்டும் ரெண்டடி ஏத்தினத விட பெரிய மலையா தெரியும்.

அதனால மொதல்ல ரம்பம் எடுங்க. பலகைல முன்பக்கம் ட்ராக்குக்கு ரெண்டு விரக்கடை விட்டுட்டு மிச்சத்த அறுத்து எடுத்துருங்க (மனசு வலிக்கும், வேற வழியில்ல). சட்டத்த ஒரு அடி கீழ எறக்கிக் கட்டி, ட்ராக் போற பட்டைய மட்டும் சின்னச் சின்ன மரக்கட்டை காலுல நிக்க வைங்க. காலுக்குக் கால் நடுவுல உள்ள எடமெல்லாம் பள்ளந்தான். அங்கதான் உங்க பாலமும் வரும், மொத்த லைனுல 250 பாலம் இருக்குது, நீங்க ஒண்ணே ஒண்ணு வைக்கலைன்னா எப்படி?

உயரத்துல ஏமாத்தித்தான் ஆகணும். கல்லாறுலருந்து குன்னூருக்கு ஏற்றம் சுமார் 1300 மீட்டருங்க, 87ஆல வகுத்தா பதினஞ்சு மீட்டர், அஞ்சு மாடிக் கட்டடம், வீட்ல எங்க வைப்பீங்க. ட்ராக்கும் அதே கததான். அங்க பல்சக்கரம் இருக்கறதால 12 அடிக்கு ஒரு அடி ஏறுது. நம்ம இஞ்சின் பல்லில்லாம அதுல ஏறாது, சக்கரம் அங்கேயே சுத்தும். நூத்துக்கு மூணுக்கு மேல போகாதீங்க, ஆறடில ரெண்டு இஞ்சுதான் கெடைக்கும். ஆனா ட்ராக் ஏறுற திசைக்கு எதிரா பக்கத்து நெலத்த சரிச்சு விடுங்க, பள்ளம் சாய்ஞ்சு சாய்ஞ்சு ஆழமாயிட்டே போனா ட்ராக் செங்குத்தா ஏறுற மாதிரியே தோணும், கண்ணு அவ்வளவுதாங்க.

பூச்சிக்கு: மைதா பசைல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சணும், பைண்டிங் கடைல அப்படித்தான் பண்ணுவாங்க. வெசம், கொழந்தைங்க கை படாம பாத்துக்கங்க. ஆனா பேப்பரே வேண்டாம்னுதான் நான் சொல்வேன். அட்டைய முக்கா இஞ்சு பட்டையா வெட்டி கூடை பின்னற மாதிரி பின்னி ஒட்டிட்டு, மேல பழைய வேட்டிய கிழிச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசல்ல முக்கிப் போத்துங்க. எடையும் கம்மி, ஓடு மாதிரி நிக்கும். வேட்டி இல்லன்னா மெடிக்கல்ல எலும்பு முறிவுக்குப் போடற கட்டுத்துணி கெடைக்கும், என்ன ஒண்ணு, காசு கூட ஆகும். ட்ராக் மேல மொதல்ல டேப் ஒட்டிடணும். ஒட்டாம பண்ணி ஒரு மோட்டார் போச்சு எனக்கு.

---

அளவுகோல்:

ஒரு சின்ன விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க. ஊட்டி லைன் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர். 1:87ல அதுக்கு பன்னெண்டு மில்லிமீட்டர் ட்ராக் வரணும். நீங்க போட்டிருக்கிறது ஒன்பது, அது ரெண்டரை அடி கேஜ் கணக்கு. 1:87ஐ விட்டுட்டு பெட்டியை 1:110 மாதிரி செஞ்சா ட்ராக்கும் சரியாகும், மலையும் தானாவே கால்வாசி பெருசா தெரியும். பெட்டிங்களை இன்னும் முடிக்கலைன்னா யோசிங்க.

இன்னொண்ணு, மலை ஏறும்போது இஞ்சின் முன்னாடி இருக்காது. பின்னாடி, அதாவது கீழ்ப்பக்கம் நின்னு தள்ளும். போட்டோ எடுக்கும்போது முன்னாடி மாட்டிடாதீங்க.

---

கற்பூரமரம்:

நான் குன்னூர். அண்ணா சொன்ன பள்ளம் ரொம்ப ரொம்ப கரெக்ட், ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் ஜன்னல் ஓரம் உக்காந்து கீழ பாத்தவங்களுக்கு தெரியும். நான் கலர் பத்தி சொல்றேன்.

உங்க பச்சை ஒரே பச்சை, அதான் பொம்மை மாதிரி இருக்கு. மலை ஏற ஏற செடி மாறும். கல்லாறுல பாக்குத் தோப்பு, நல்லா ஒசரமா நெருக்கமா. அதுக்கு மேல மூங்கில் காடு அது இதுன்னு அடர்த்தியா இருட்டா போகும். குன்னூருக்கு முன்னாடி வர்ற ரன்னிமேடு ஸ்டேஷன் தாண்டினப்புறம்தான் தேயிலை. மூணையும் ஆறடியில காட்டலாம், இடப்பக்கம் பாக்கு நடுவுல காடு வலது ஓரம் தேயிலைன்னு பிரிச்சாலே பாக்கறவங்களுக்கு ரயில் எவ்ளோ தூரம் ஏறிடுச்சுன்னு புரிஞ்சிரும், மலையை உசத்த வேண்டியதே இல்ல.

தேயிலைக்கு பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி பச்சை பெயின்ட்ல முக்கி காய வச்சா போதும், ஆனா மேல தட்டையா இருக்கணும், உருண்டையா வேணாம், ஏன்னா கொழுந்து பறிச்சு பறிச்சு செடி மேல மேசை மாதிரி ஆகிடும். வரிசை சரிவைக் குறுக்கா சுத்தி போகணும், நேரா மேலருந்து கீழ கோடு போட்டா பாய் மாதிரி இருக்கும். நடுநடுவுல சில்வர் ஓக் மரம் ஒல்லியா நேரா நிக்கணும், கிளையெல்லாம் வெட்டி விட்டிருப்பாங்க. காட்டுக்கு அதே ஸ்பாஞ்சை தண்ணியோட மிக்ஸில அரைங்க (பழைய மிக்ஸி, வீட்ல அடி வாங்காதீங்க), ரெண்டு மூணு பச்சை தனித்தனியா சாயம் போட்டு கலந்து தூவுங்க. பெவிகால்ல பாதிக்குப் பாதி தண்ணி விட்டு ஒரு சொட்டு பாத்திர சோப்பு சேத்து ஸ்ப்ரே பண்ணா உள்ள இறங்கி பிடிச்சுக்கும், சோப்பு போடலைன்னா முத்து முத்தா மேலயே நிக்கும்.

பாறை பிரவுன் கிடையாது! எங்க ஊர்ப் பாறை கருஞ்சாம்பல், மழை ஒழுகின இடம் கறுப்பு, ஓரத்துல பாசி. மண்ணுதான் செவப்பு. நெட்ல வர்ற ஆல்ப்ஸ் மலை வீடியோவைப் பாத்து கூர்கூரா அடுக்கடுக்கா செதுக்காதீங்க, இங்க பெரிய பெரிய உருண்ட முகமா இருக்கும், ட்ராக் ஓரம் வெடி வச்ச இடம் மட்டும்தான் ஒடஞ்சு ஒடஞ்சு தெரியும். அலுமினியம் ஃபாயிலை லேசா கசக்கி அதுல பிளாஸ்டரை ஊத்தி, பாதி இறுகும்போது அப்படியே சரிவுல அமுக்கிப் பிடிச்சு அப்புறம் ஃபாயிலை உரிச்சா சூப்பரா வரும். மொத்தமா சாம்பல் அடிச்சு, தண்ணில கறுப்பு இங்க் நாலு சொட்டு விட்டு மேலருந்து ஒழுக விடுங்க, அதுவே இடுக்குல போயி உக்காரும்.

பின்னாடி சுவத்துல வானம் வரையறதா இருந்தா தூரத்து மலையை வெளிறின நீலமா போடுங்க, பச்சையா போட்டா கிட்ட வந்துரும்.

---

ஆறடிப்பலகை:

அய்யோ இவ்வளவு பதில் வரும்னு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி பத்து மணிக்கு ரம்பம் எடுத்து அறுத்துட்டேன், கீழ் வீட்ல இருந்து ஆள் வந்துட்டாங்க. முன்பக்கம் எறங்கினதுமே, இன்னும் ஒண்ணும் ஒட்டல, வெறும் பட்டையில ரயில் நிக்குது, அதுக்கே மலை மாதிரி இருக்கு!

1:110 யோசிச்சேன், மூணு பெட்டி முடிச்சுட்டேன் சார், மனசு வரல. அடுத்த மாடல்ல பண்றேன். இஞ்சினைப் பின்னாடி மாத்திட்டேன்.

ரெண்டு சந்தேகம். டன்னலுக்குள்ள ரயில் கவுந்தா எப்படி எடுக்கறது? குன்னூர் போன சித்தப்பா ஒரு பை நிறைய அந்த செவப்பு மண் கொண்டு வந்திருக்காரு, போடலாமா?

---

தெர்மாகோல்_தாத்தா:

கவுந்தா இல்லீங்க, கவுறும். டன்னலுக்குப் பின்பக்கம் மூடாதீங்க, கை போற அளவுக்குத் தொறந்தே விடுங்க, சுவத்துப் பக்கம்தான, யாரு பாக்கறா. வாசல்லருந்து நாலு இஞ்சு உள்ள வரைக்கும் மட்டும் பாறை மாதிரி பண்ணிக் கறுப்படிச்சா போதும். டன்னல் மேல மூடறதுக்கு முன்னால உங்ககிட்ட இருக்கறதுல நீளமான பெட்டிய கையில தள்ளிப் பாருங்க, வளைவுல வாசல் இருந்தா பெட்டியோட நடு உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் தட்டும்.

மண்ணு தாராளமா போடலாம், அதோட கலர எந்தப் பெயின்ட்டும் தராது. வாணல்ல வறுத்து, மாவு சல்லடைல சலிச்சு, அப்புறம் ஒரு காந்தத்த பேப்பர்ல சுத்தி நாலு தடவ ஓட்டுங்க. இரும்புத் துகள் ஒட்டும், அது போயி மோட்டார் காந்தத்துல உக்காந்துச்சுன்னா இஞ்சின் காலி. பசை பட்டா மண்ணு கறுத்துத் தெரியும், பயப்படாதீங்க, மறு நாள் கொஞ்சம் வெளுக்கும்.

---

ஆறடிப்பலகை:

வறுத்தாச்சு, வீடு பூரா மழை பெஞ்ச வாசனை. காந்தத்துல நெசமாவே கறுப்பா மீசை மாதிரி ஒட்டுச்சு, போட்டோ அப்புறம் போடறேன்.

பழைய மலையைத் தூக்கிப் போடலாம்னு எடுத்தேன், அம்மா விடல. பரண்ல இருக்கு, நவராத்திரிக்கு எடுப்பாங்களாம். டன்னல் ஓட்டைக்குள்ள புலி பொம்மை வைக்கப் போறாங்க.