தகராறில் தலையிட ஆங்கிலத்தில் எந்தச் சொல்? உறுப்பினர்களின் அனுபவங்கள்

கடலூர் மஞ்சக்குப்பம், மனு எழுதித் தருபவர்:

மனு எழுதுவதும் தட்டச்சு செய்து தருவதும் என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கான மனுக்கள் பெரும்பாலும் தமிழிலேயே போய்விடும்; தில்லிக்கோ ஏதேனும் நிறுவனத்தின் தலைமையகத்துக்கோ நகல் அனுப்ப வேண்டியிருந்தால்தான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்ததும், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி தந்ததும் நம் கரையோர மக்களுக்குத் தெரிந்த செய்தி. அந்த எல்லையை யார் மீறுகிறார்கள் என்பதில் இரண்டு மீனவ கிராமங்களுக்குள் தகராறு மூண்டபோது, ஒரு கிராமத்துப் பஞ்சாயத்தார் பட்டதாரி இளைஞர் ஒருவரை எழுத வைத்து, ஆங்கில வரைவோடு என்னிடம் வந்தனர். மாவட்ட ஆட்சியர் உடனடியாக 'இன்டர்ஃபியர்' செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. சொல்லை மாற்ற வேண்டும் என்றேன். "உயர் நீதிமன்றம் இன்டர்ஃபியர் செய்ய மறுத்தது என்று ஆங்கில நாளிதழில் அடிக்கடி வருகிறதே, ஐயா?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

நியாயமான கேள்விதான். கீழ் நீதிமன்றமோ ஓர் அதிகாரியோ பிறப்பித்த உத்தரவு ஏற்கெனவே நடப்பில் இருக்கும்போது, அதைக் கலைப்பதா, இருந்தபடியே விடுவதா என்பதுதான் மேல் நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்வி; நடப்பில் உள்ள ஒன்றில் கை வைப்பது என்ற பொருளில் அந்தச் சொல் அங்கே குறையின்றிப் பொருந்துகிறது. நீதிமன்ற வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டாலோ, அழையாமல் நுழைந்து காரியத்தைக் கெடுப்பவரைத்தான் அது சுட்டும். உதவிக்கு வாருங்கள் என்று ஒருவரை அழைக்கும்போது 'இன்டர்வீன்' என்று எழுதுவதே முறை. 'அமைச்சர் தலையிட்டுத் தீர்த்து வைத்தார்' என்பதற்கும் 'என் குடும்ப விஷயத்தில் தலையிடாதே' என்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் போதுமாக இருக்கிறது. பாராட்டா, ஏச்சா என்பதை வாக்கியத்தின் மற்றப் பகுதி காட்டிவிடும். ஆங்கிலத்தில் ஏச்சு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே மனுவின் அடுத்த பத்திக்கு 'இன்டர்ஃபியர்' தேவைப்பட்டது. எதிர்க் கிராமத்துப் படகுகள் தங்கள் தொழிலுக்கு இடையூறு செய்கின்றன என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு 'இன்டர்ஃபியர் வித்' மிகச் சரியான தொடர். ஆட்சியருக்கு 'இன்டர்வீன் இன்' என்று அமைய வேண்டும். நடுவே இருக்கும் 'இன்' என்பதை விழுங்கிவிட்டு 'இன்டர்வீன் தி டிஸ்ப்யூட்' என்று எழுதி வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த வினைச்சொல் அப்படி நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்காது.

கடலூர் சிப்காட் பகுதி, ஓய்வுபெற்ற தொழிற்சங்க நிர்வாகி:

மஞ்சக்குப்பம் ஐயா சொன்னது மரியாதை தொடர்பான வேறுபாடு. எங்களிடமோ சொல் மாறினால் ஒப்பந்தத்தின் பலனே மாறிவிடும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு நடந்து கையெழுத்தாவதை '12(3) ஒப்பந்தம்' என்போம்; நிர்வாகமும் சங்கமும் தமக்குள் பேசி முடித்துக்கொள்வது '18(1) ஒப்பந்தம்'. முன்னது சங்கத்தில் சேராதவர்கள், பிற்பாடு வேலைக்கு வருபவர்கள் உட்பட அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும்; பின்னது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். இரு தரப்பையும் இணங்க வைக்க முயல்வது சமரச அலுவலரின் கடமை; தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இணக்கம் ஏற்படாவிட்டால் அரசுக்கு முறிவறிக்கை அனுப்பிவிடுவார். இந்த நடைமுறைக்கு ஆங்கிலத்தில் 'கன்சிலியேஷன்' என்று பெயர்.

போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஆண்டில், நிர்வாகத்திடமிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தில், இரு தரப்பும் 'ஆர்பிட்ரேஷன்' வழியாகத் தீர்த்துக்கொள்ளச் சம்மதிப்பதாக ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்டியவர் 'சமரசம்' என்றே சொல்லிவிட்டதால் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினர். மூத்த தோழர் ஒருவர் மட்டும் கடிதத்தை வாங்கிப் பார்த்து, அந்தச் சட்டத்தின் 10ஏ பிரிவின்கீழ் எழுத்து மூலம் சம்மதித்துவிட்டால் நடுவர் சொல்வதே முடிவாகிவிடும், அதன்பின் பேரம் பேச இடமே இருக்காது என்று எடுத்துக் காட்டினார். கை தவறி வந்த சொல் என்று நிர்வாகத்தினர் விளக்கம் தந்தார்கள். நான் அதை நம்பவில்லை. வரியைத் திருத்திய பிறகே கையெழுத்துப் போட்டோம்.

புதுச்சேரி, கத்தோலிக்கத் தேவாலயப் பங்குப் பேரவை உறுப்பினர்:

'இன்டர்சீட்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நடுவில் நிற்பதைக் குறிக்காது. ஒருவர் பக்கம் நின்று மற்றவரிடம் மன்றாடுவதைக் குறிக்கும். அன்னை மரியாள் எங்களுக்காகப் பரிந்து பேச வேண்டும் என்று நாங்கள் செபிப்பது அந்தப் பொருளில்தான். கட்டணம் கட்ட முடியாத மாணவிக்காகப் பங்குத்தந்தை கல்லூரி முதல்வருக்கு எழுதினால் 'இன்டர்சீட்' பொருந்தும். 'வித்' என்பதற்குப் பின் முதல்வர் வருவார், 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்பதற்குப் பின் மாணவி வருவார். சொத்துப் பிரிப்பில் மோதிக்கொள்ளும் அண்ணன் தம்பிக்கு நடுவே அவரே போய் உட்கார்ந்தால் அது 'மீடியேட்'. அங்கே 'இன்டர்சீட்' என்று எழுதிவிட்டால், சாமியார் யார் பக்கம் என்ற கேள்வி எழுந்துவிடும்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை:

எங்கள் ஊரில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருபவர்களுக்கு வேறொரு தடுமாற்றம் உண்டு. 'இன்டர்வீன்' என்பதற்கு இணையான பிரெஞ்சு வினைச்சொல், கூட்டத்தில் எழுந்து கருத்துச் சொல்வதையும் குறிக்கும். அதன் பெயர்ச்சொல்லுக்கு அறுவைச் சிகிச்சை என்றும் ஒரு பொருள் உண்டு. என்னிடம் பயின்ற ஒருவர் சென்னையில் நடந்த கருத்தரங்கில் ஆங்கிலத்தில் பேச வாய்ப்புக் கேட்டபோது, தாம் 'இன்டர்வீன்' செய்ய விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். பேச்சாளர்கள் இருவருக்குள் சண்டை நடப்பதாக இவர் நினைக்கிறாரோ என்று தலைவர் திகைத்தாராம். அதேபோல, பிரெஞ்சில் 'இன்டர்ஃபியர்' குடும்பத்துச் சொல் முதன்மையாக அலைகளும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதற்கு உரியது. பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைச் சொல்ல அங்கே வேறு வினைச்சொற்கள் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலச் சொல் பிறந்ததே பழைய பிரெஞ்சிலிருந்துதான். ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது என்பது அதன் மூலப் பொருள். குதிரை நடக்கும்போது ஒரு காலின் குளம்பு மறு காலில் இடித்துக்கொள்வதை ஆங்கிலேயர் அந்தச் சொல்லால் குறித்தார்கள். 'இன்டர்வீன்' என்பதன் லத்தீன் மூலத்துக்கோ நடுவில் வருதல் என்ற சாதுவான பொருளே அடிப்படை. அடிதடியில் பிறந்த சொல்லை ஆட்சியருக்கு எழுதும் வேண்டுகோளில் வைக்கலாகாது என்ற மஞ்சக்குப்பம் ஐயாவின் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

புதுச்சேரி, வழக்கறிஞர்:

தோழர் குறிப்பிட்ட 'சமரசம்' என்ற சொல்லால் எனக்கும் தொல்லை உண்டு. நீதிமன்றச் சமரச மையத்தில் நடப்பது 'மீடியேஷன்'. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் நடத்துவது 'கன்சிலியேஷன்'. தமிழில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் மற்றும் கன்சிலியேஷன் சட்டம் 'கன்சிலியேட்டர்' தீர்வுக்கான யோசனைகளைத் தாமே முன்வைக்கலாம் என்றது; 'மீடியேட்டர்' என்பவர் இரு தரப்பையும் பேச வைத்து, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுபவர் என்பது பொதுவான பாகுபாடு. 2023ஆம் ஆண்டின் மீடியேஷன் சட்டம் இரண்டையும் ஒரே சொல்லின்கீழ் கொண்டுவந்துவிட்டதால், நம் தமிழ் வழக்கம் முந்திக்கொண்டது என்று கூடச் சொல்லலாம்.

இந்தச் சொற்களில் சட்டம் வரைந்தவர்களே சறுக்கியிருக்கிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதில் 'மீடியேஷன்' என்பதற்குரிய விளக்கம் 'ஜுடிஷியல் செட்டில்மென்ட்' என்பதற்கும், இதற்குரியது அதற்கும் மாறி அமைந்துவிட்டன. 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, இரண்டையும் இடம் மாற்றிப் படிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தும் வரை, எட்டு ஆண்டுகள் அந்தப் பிரிவு அப்படியே இருந்தது.

என்னிடம் வருபவர்கள் இந்தச் சொற்களில் எதையும் சொல்வதில்லை. 'ஊர்ப் பெரியவர் பஞ்சாயத்துப் பண்ணட்டும்' என்றுதான் சொல்கிறார்கள். பஞ்சாயத்து என்பது இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதாகவும் இருக்கலாம், விசாரித்து அபராதம் விதிப்பதாகவும் இருக்கலாம். ஆகவே, எதிர்த் தரப்புக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதற்கு முன், அந்தப் பெரியவர் சொல்வது எதுவானாலும் கட்டுப்படுவீர்களா என்று கேட்டுவிடுவேன். கட்டுப்படுவோம் என்றால் 'ஆர்பிட்ரேட்'. பெரும்பாலோர் சற்றே யோசித்துவிட்டு, 'நமக்குச் சாதகமாகச் சொன்னால் கட்டுப்படுவோம், மேடம்' என்கிறார்கள். அவர்களுக்கு 'மீடியேட்' என்று எழுதித் தருகிறேன்.